மஸ்டர் ரோலில் ஏறாத பெயர்கள்

2020 மே 5. கர்நாடக அரசின் வருவாய்த் துறையிலிருந்து தென்மேற்கு ரயில்வேக்கு ஒரு கடிதம் போனது. மறுநாள் முதல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் வேண்டாம் என்று அது சொன்னது. அன்றுதான் முதலமைச்சர் எடியூரப்பா பெங்களூரின் கட்டுமானத் தொழிலதிபர்களைச் சந்தித்துப் பேசியிருந்தார். கொரோனா ஊரடங்கு தளர்ந்துகொண்டிருந்தது. பாதியில் நின்ற கட்டடங்களில் வேலை தொடங்க வேண்டும். ஆட்கள் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் வங்கத்துக்கும் கிளம்பிவிட்டால் யாரை வைத்துச் செய்வது? ஆளுங்கட்சியின் எம்.பி. ஒருவர் இதைத் துணிச்சலான முடிவு என்று பாராட்டினார். நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. 7-ஆம் தேதி அரசு இறங்கிவந்து ரயில்களை மறுபடியும் கேட்டது. அதற்குள் பலர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேலையில் பாகுபாடு என்றதும் வேலை கேட்டுப் போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் நம் நினைவுக்கு வரும். பெங்களூரில் நடந்தது அதற்கு நேர் எதிர். வந்தவரை ஊருக்குப் போக விடவில்லை. நகரத்துக்கு அவர்களுடைய உழைப்பு அவ்வளவு தேவைப்பட்டது. அதே வாரம், மே 6-ஆம் தேதி, அரசு நிவாரணம் அறிவித்தது: நல வாரியத்தில் பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே தந்த 2,000 ரூபாயுடன் இன்னும் 3,000 ரூபாய். எந்தக் கைகளை இழக்கக்கூடாது என்று ரயிலை நிறுத்தினார்களோ, அந்தக் கைகளில் பெரும்பாலானவை வாரியத்தின் பதிவேட்டில் இல்லை. இவர்களின் உழைப்பு பெங்களூருக்கு வேண்டும். உழைத்தவர் இவர் என்று எழுதித்தர மட்டும் அந்த நகரம் தயாராக இல்லை. அங்கு அகதியும் புலம்பெயர்ந்தவரும் சந்திக்கும் தடைகளில் பெரும்பாலானவை இந்த எழுதாமையிலிருந்து கிளைப்பவை என்பது என் கருத்து. மொழி, மதம், முகச்சாயல் எல்லாம் அதில் வந்து சேர்ந்துகொள்கின்றன.

பதிவேட்டில் பெயர் ஏறுவது எப்படி என்று பார்ப்போம். 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டங்களின்படி, கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வையாக வசூலிக்கப்பட்டு நல வாரியத்தில் சேர்ந்துவந்தது. கர்நாடக வாரியம் 2007-இல் அமைந்தது. பல ஆயிரம் கோடி ரூபாய் அதில் சேர்ந்திருக்கிறது. கல்விக்கும் திருமணத்துக்கும் உதவி, விபத்து இழப்பீடு, ஓய்வூதியம் என்று அதன் திட்டங்கள் நீள்கின்றன. முக்கிய நிபந்தனை: கடந்த 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று வேண்டும்.

சான்றில் கையெழுத்திட வேண்டியவர் முதலாளி. யார் முதலாளி? அடுக்ககத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது ஒரு கட்டுமான நிறுவனம். அது சிவில் வேலையை ஓர் ஒப்பந்ததாரரிடம் விடுகிறது. அவர் சென்ட்ரிங்கை ஒருவரிடமும் கம்பி கட்டுவதை இன்னொருவரிடமும் பூச்சு வேலையை மூன்றாமவரிடமும் பிரித்துக் கொடுக்கிறார். கம்பி வேலையை எடுத்தவர் ஜார்க்கண்டிலோ மேற்கு வங்கத்தின் மால்டாவிலோ இருக்கிற ஒரு சர்தாருக்கு, அதாவது மேஸ்திரிக்கு, போன் போடுகிறார். சர்தார் தன் ஊரிலிருந்து 12 பேரைக் கூட்டிவருகிறார். கூலியை வாங்கி, முன்பணத்தைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைப் பிரித்துத் தருபவர் அவர்தான். அந்த 12 பேருக்கும் கட்டுமான நிறுவனத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அந்த நிறுவனத்தின் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது. இரண்டு மாதத்தில் கம்பி வேலை முடிந்ததும் சர்தார் அவர்களை ஹெப்பாளத்திலிருந்து சர்ஜாபூர் சாலைக்கு, வேறொரு ஒப்பந்ததாரரிடம் கொண்டுபோய்விடுவார். 90 நாளும் உழைத்தது உண்மை. ஆனால் அந்த 90 நாளையும் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. தொழிற்சங்கம் சான்று தரலாம் என்று விதி இருக்கிறது. சங்கம் அவர்களைக் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் தங்கும் ஷெட் காலியாகிவிடும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. ஒடிசாவில் 'தாதன்' என்று ஒரு முறை இருந்தது. முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி, தொலைதூரப் பணியிடங்களில் கொண்டுபோய்விட்டு, கணக்குத் தீர்க்காமல் இழுத்தடிப்பார்கள். அந்தக் கொடுமையைப் பார்த்து எழுந்ததுதான் 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேற்று மாநிலத்தாரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் உரிமம் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். உள்ளூர்க்காரருக்கு என்ன கூலியோ அதே கூலி இவருக்கும். இடம்பெயர்வுப் படி தனி, வழிச்செலவு தனி. அந்தப் பாஸ்புக் மட்டும் நாடெங்கும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருந்தால் 2020-இல் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அரசுகள் விழித்திருக்க வேண்டியதில்லை. சட்டம் நாற்பது ஆண்டு ஏட்டில் இருந்தது.

2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒப்பந்ததாரர் வழியாக அல்லாமல் தானாகவே வந்து வேலைக்குச் சேர்ந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறார். நல்ல மாற்றம். ஆனால் ஐந்து என்ற எண்ணிக்கை பத்தாகிவிட்டது. இடம்பெயர்வுப் படி இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த முன்பு 20 பேர் போதும். இப்போது 50 பேர் வேண்டும். சர்தார்கள் 12 பேராகவும் 15 பேராகவும் பிரித்துக் கூட்டிவரும் தொழிலில் இந்த எண்கள் யாருக்கு வசதி என்று விளக்க வேண்டியதில்லை.

பாகுபாட்டையே நேரடியாகத் தடுக்கும் சட்டம் கிடையாதா என்று கேட்கலாம். அரசு வேலையில் பிறந்த இடத்தைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்று அரசமைப்பின் 16-ஆவது கூறு சொல்கிறது. தனியார் வேலைக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. வேலையிலும் தொழிலிலும் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1960-இலேயே ஏற்றுக்கொண்டது. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும், மதத்தையோ மாநிலத்தையோ மொழியையோ சொல்லி ஒரு தனியார் முதலாளி ஆளை மறுத்தால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

பதிவேட்டில் பெயர் இருப்பது என்ன பலம் தரும் என்பதையும் பெங்களூர் காட்டியிருக்கிறது. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது. ஏப்ரல் 18-ஆம் தேதி ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளிப் பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் பீன்யா, ஜாலஹள்ளி என்று நகரின் மறுபக்கமும் ஸ்தம்பித்தது. பெரிய சங்கம் எதுவும் அழைத்து வந்த கூட்டம் இல்லை அது. தடியடியும் தீவைப்பும் நடந்தன. 19-ஆம் தேதியே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. சின்னச் சம்பளம்தான், ஆனால் அவர்களிடம் பி.எஃப். எண் என்ற ஒன்று இருந்தது. இழப்பதற்கு ஒன்று இருந்ததால் கேட்பதற்கும் ஒன்று இருந்தது. நான்கு ஆண்டு கழித்து அதே நகரத்தின் கட்டடத் தொழிலாளர்களுக்கு நடப்பதைத் தவிர வேறு போராட்டம் வாய்க்கவில்லை.

இங்கே என் வாதத்துக்கே ஒரு சிக்கல் வருகிறது. அதே ஆடை ஆலைகள் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஊர்களிலிருந்து இளம்பெண்களைக் கொண்டுவந்து விடுதிகளில் தங்கவைக்கின்றன. மத்திய அரசின் கிராமப்புற இளைஞர் திறன் பயிற்சித் திட்டத்தில் தையல் கற்று வந்தவர்கள் இவர்களில் பலர். இவர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு, பெயர் பதிவேட்டில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் விடுதியிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. வெளியே போவதற்கும் போன் பேசுவதற்கும் நேரக்கணக்கு. கார்மென்ட் லேபர் யூனியன் உள்ளிட்ட அமைப்புகள் 2018-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்தக் கட்டுப்பாடுகளை விரிவாகச் சொன்னது. கன்னடம் தெரியாத 19 வயதுப் பெண்ணுக்கு சூப்பர்வைசரின் வசவு புரியாமல் போவது ஒருவகையில் நிம்மதிதான். ஆனால் அந்த வசவைப் பற்றி யாரிடமும் முறையிட முடியாமல் போவதும் அதே காரணத்தால்தான். ஆக, பதிவேட்டில் ஏறினால் மட்டும் போதாது. ஏறாதவருக்கு இந்தக் குறையைச் சொல்லக்கூட இடமில்லை.

கிழக்கு பெங்களூருக்குப் போவோம். மென்பொருள் பூங்காக்களுக்கும் அடுக்ககங்களுக்கும் நடுவே காலி மனைகளில் தார்ப்பாய்க் குடிசைகள். துபரஹள்ளி, கரியம்மன அக்ரஹாரா, பெல்லந்தூர்ப் பக்கம். வங்காளம், அசாம், திரிபுராவிலிருந்து வந்த வங்க மொழி பேசும் முஸ்லிம்கள் இங்கே பெருமளவில் இருக்கிறார்கள். ஆண்கள் அடுக்ககங்களின் குப்பையை எடுத்துவந்து பிரிக்கிறார்கள். பெண்கள் அதே அடுக்ககங்களில் வீட்டுவேலை. மனைக்கு வாடகை வசூலிப்பவர் ஒருவர், குப்பைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் ஒருவர். சில இடங்களில் இரண்டும் ஒரே ஆள்.

குப்பை பிரிப்பதை யாரும் செய்யலாம் என்று தோன்றும். தண்ணீர் பாட்டில் ஒரு வகைப் பிளாஸ்டிக், அதன் மூடி வேறு வகை. சேர்ந்து கிடந்தால் விலை இறங்கும். மூடியைத் திருகி எடுத்துத் தனிச் சாக்கில் போட வேண்டும். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் ஒரு விலை, அப்படியே கொடுத்தால் வேறு விலை. வெள்ளைக் காகிதத்தோடு வழவழப்பான பத்திரிகைத் தாள் கலக்கக்கூடாது. உள்ளே வெள்ளி மினுங்கும் சிப்ஸ் பொட்டலத்துக்கு வாங்க ஆள் இல்லை. தடவிப் பார்த்து, கசக்கிச் சத்தம் கேட்டு, இது எந்தச் சாக்குக்குப் போக வேண்டும் என்று நொடியில் முடிவு செய்கிறார்கள். நாளெல்லாம் குனிந்தபடி. கையுறை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

2020 ஜனவரி 12-ஆம் தேதி அந்தப் பகுதியின் எம்.எல்.ஏ. அரவிந்த் லிம்பாவளி இந்தக் குடிசைகளின் காணொளி ஒன்றை வெளியிட்டு, இங்கே இருப்பவர்கள் சட்டவிரோத வங்கதேசத்தினராக இருக்கலாம் என்று எழுதினார். ஒரு வாரத்தில், ஜனவரி 19-ஆம் தேதி, போலீஸ் பாதுகாப்போடு இயந்திரம் வந்து குடிசைகளை இடித்துத் தள்ளியது. இடிபாட்டின் நடுவே நின்று மக்கள் ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, அசாம் குடிமக்கள் பதிவேட்டு நகல் என்று கையில் உள்ளதையெல்லாம் பத்திரிகையாளர்களிடம் காட்டினார்கள். வீடிழந்தவர்களில் வடகர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்த கன்னடர்களும் இருந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட்டது. தலைமை நீதிபதி அபய் ஓகா தலைமையிலான உயர் நீதிமன்ற அமர்வு இடிப்புக்குத் தடை விதித்தது. குடிசைகளைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரமே போலீசுக்கு இல்லை என்று கண்டது. வீடிழந்தவர்களின் மறுவாழ்வுக்கு அரசைப் பொறுப்பாக்கியது.

எந்த ஆவணம் இல்லாததால் இவர்கள் சந்தேகத்துக்கு ஆளானார்கள்? எல்லாமே இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: இந்த நகரத்தில் நான் இன்ன வேலை செய்கிறேன் என்று சொல்லும் தாள். ஒப்பந்ததாரர் நினைத்திருந்தால் அதைத் தந்திருக்கலாம். தந்தால் குறைந்தபட்சக் கூலி, ஈ.எஸ்.ஐ. என்று கணக்கு வரும். அண்டை நாட்டுக்காரன் என்ற சந்தேகம் நீடிப்பது அவருக்கு லாபம். கூலி பாக்கியைக் கேட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்று ஒரு சொல் போதும்.

இதே நகரம் இதே தொழிலுக்கு வேறு மாதிரியும் நடந்துகொண்டிருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில் பெங்களூர் மாநகராட்சி, ஹசிரு தள என்ற அமைப்பின் துணையோடு, குப்பை பொறுக்குவோருக்குத் தொழில் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் மாநகராட்சி ஒன்று இப்படிச் செய்தது அதுவரை அபூர்வம். அந்த அட்டை ஒருவரின் பிறந்த ஊரைப் பற்றிப் பேசவில்லை. அவர் செய்யும் வேலையைப் பற்றிப் பேசியது. அட்டை வந்த பிறகு, திருட்டு மால் என்று வழியில் நிறுத்துவது குறைந்தது. வார்டுகளின் உலர்கழிவு மையங்களை அவர்களே நடத்தும் வாய்ப்பும் வந்தது. கிழக்கு பெங்களூர்க் குடிசைகளுக்கு இந்த ஏற்பாடு போய்ச் சேராமல் நின்றதுதான் கேள்வி.

குடிமக்களுக்கே இப்படி என்றால் அகதிகளுக்கு?

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதன் 17-ஆவது கூறு, சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்குக் கூலி வேலை செய்யும் உரிமையைப் பேசுகிறது. இந்தியாவை அது கட்டுப்படுத்தாது. இங்கே அகதி என்பவர் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். முன்பு 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம். 2025 செப்டம்பர் முதல் குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம். 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு நடைமுறை வகுத்தது. துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர் என்று கண்டால் நீண்டகால விசா தரலாம், விசா பெற்றவர் தனியாரிடம் வேலை செய்யலாம். வழி திறந்தது, ஆனால் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியாக்களைப் பொறுத்தவரை நடைமுறையில் அது மூடியே இருக்கிறது.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் கர்நாடக அரசு ஒரு பதில் மனு தாக்கல் செய்தது. ரோஹிங்கியாக்களையும் வங்கதேசத்தினரையும் கண்டறிந்து வெளியேற்றக் கோரிய வழக்கு அது. பெங்களூர் நகரில் 72 ரோஹிங்கியாக்கள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் பல்வேறு துறைகளில் வேலை செய்கிறார்கள், உடனடியாக வெளியேற்றும் திட்டம் இல்லை என்றது மனு. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, நீதிமன்றம் சொல்வதைச் செய்வோம் என்று திருத்திய மனு போட்டது. வெளியேற்றுவதைப் பற்றிய இந்தக் குத்துக்கரணம்தான் செய்தியானது. எனக்கு முக்கியமாகப் படுவது 'பல்வேறு துறைகளில் வேலை செய்கிறார்கள்' என்ற சொற்றொடர். ஓர் அரசு, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில், இவர்கள் இங்கே உழைக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. எந்த முதலாளியின் பதிவேட்டிலும் இல்லாத அந்த உழைப்பு போலீஸ் பதிவேட்டில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க நேபாளிகள் இருக்கிறார்கள். 1950 ஜூலையில் கையெழுத்தான இந்திய–நேபாள ஒப்பந்தம் இரு நாட்டாருக்கும் மற்ற நாட்டில் தங்கவும் தொழில் செய்யவும் உரிமை தருகிறது. பெங்களூரின் காவலாளிகளிலும் உணவகச் சமையல்காரர்களிலும் நேபாளிகள் கணிசம். வெளிநாட்டவரான நேபாளி உரிமையோடு வேலை செய்கிறார். மால்டாவிலிருந்து வந்த இந்தியக் குடிமகன் தான் இந்தியன் என்று வாரந்தோறும் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். சட்டம் எழுதியது ஒன்று, தெரு வாசிப்பது ஒன்று.

திபெத்தியர்கள் வேறு ரகம். 1960-களின் தொடக்கத்திலேயே மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் அவர்களுக்கு நிலம் கொடுத்தது. பின்னர் முண்டுகோடு, ஹுன்சூர், கொள்ளேகால் பகுதிகளிலும் குடியிருப்புகள் வந்தன. 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை, தொழில் உரிமங்களையும் தகுதிக்கேற்ற தனியார் வேலையையும் அனுமதிக்கச் சொல்கிறது. ஆனாலும் பெங்களூரில் பட்டம் வாங்கிய திபெத்திய இளைஞர் கையில் இருப்பது பதிவுச் சான்றிதழும் மஞ்சள் அட்டைப் பயண ஆவணமும்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் அனுப்ப ஆள் எடுக்கும் நிறுவனத்தில் பாஸ்போர்ட் இல்லாதவரின் விண்ணப்பம் எந்த அடுக்கில் போய் விழும் என்பது தெரிந்ததே.

ஈழத்தமிழ் அகதிகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழகத்தின் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, மாதப் பணம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயானது, புது வீடுகள் வந்தன. பிள்ளைகள் பொறியியல் கல்லூரி வரை படிக்கிறார்கள். படித்து முடித்ததும்? முகாம் ஆண்களின் பொதுத் தொழில் பெயின்ட் வேலை. பட்டம் பெற்றவரும் பிரஷ்ஷைத்தான் எடுக்கிறார். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலில் தேறிவிட்டாலும், குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்ற இடத்தில் சறுக்குகிறது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கி 2025-இல் ஆணை வந்தது. ஜெயில் பயம் நீங்கியது. வேலைக்கான தாள் இன்னும் வரவில்லை.

கர்நாடகத்திலேயே இதற்கு ஒரு பழைய முன்கதை உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் தென் கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களில் வனத்துறைக் கழகத்தின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். இவர்கள் முழுக் குடிமக்கள். வேலையோடு வந்தவர்கள், வீடும் தோட்டத்துக் குடியிருப்புதான். அடுத்த தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியே வேலை தேடியபோது சாதிச் சான்றிதழில் இடறியது. பட்டியல் சாதித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. ஒரு மாநிலத்தில் பெற்றது இன்னொரு மாநிலத்தின் வேலையில் செல்லாது என்பதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. கடல் கடந்து வந்தவருக்கு முந்தைய மாநிலம் எது? இங்கே இல்லாமல் போனது குடியுரிமை அல்ல, இன்னொரு தாள்.

இனி உள்ளூர்க்காரரின் பக்கம். 1983-இல் கர்நாடக அரசு சரோஜினி மகிஷி தலைமையில் குழு அமைத்தது; கன்னடர்களுக்கு வேலையில் முன்னுரிமை கோரும் அதன் பரிந்துரைகள் 1986-இல் வந்தன. அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. தன் தலைநகரில் தன் மொழியில் வேலை கேட்க முடியாதவரின் ஆத்திரத்தைத் தமிழர்கள் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்?

2024 ஜூலை 15-ஆம் தேதி சித்தராமையா அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 விழுக்காடும் மற்றவற்றில் 70 விழுக்காடும் உள்ளூர்க்காரருக்கு. கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டு வசித்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே உள்ளூர்க்காரர். மென்பொருள் நிறுவனங்களின் அமைப்பான நாஸ்காம் எதிர்த்தது, தொழிலதிபர்கள் கொதித்தார்கள், 17-ஆம் தேதி மசோதா கிடப்பில் போடப்பட்டது. ஹரியானாவின் 75 விழுக்காட்டுச் சட்டத்தை அதற்கு முந்தைய நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. கர்நாடகத்துக்கு இது தெரியாததல்ல.

அந்த மூன்று நாள் விவாதம் முழுக்க மென்பொருள் நிறுவனங்களைப் பற்றியே இருந்தது. கம்பி கட்டுபவரையும் குப்பை பிரிப்பவரையும் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் இடத்தில் உள்ளூர்க்காரரை வையுங்கள் என்று கேட்க வந்தவரும் இல்லை. தவிர, விழுக்காடு போடுவதற்கு ஊழியர் பட்டியல் வேண்டும். பட்டியலில் வெளியூர்ப் பெயர்கள் குறைய வேண்டும் என்று சட்டம் வந்தால், முதலாளி வெளியூர்க்காரரை அனுப்பமாட்டார், பட்டியலிலிருந்துதான் எடுப்பார். இன்னொரு சர்தார் முளைப்பார். கூலி இன்னும் இறங்கும். இறங்கிய கூலிக்கு உள்ளூர்க்காரர் வரமாட்டார். கன்னடர் நலனுக்கென்று வரும் சட்டமே கன்னடரின் கூலிப் பேரத்தைக் கீழே இழுக்கும்.

தமிழர்களுக்கு இந்த நகரத்தில் வெவ்வேறு நினைவுகள் உண்டு. கன்டோன்மென்ட் உருவான 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பட்டாளத்தோடும் சந்தையோடும் பின்னர் பின்னி மில்லோடும் வந்து குடியேறியவர்கள். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும் அடித்து விரட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் குடிசைகளில் வாழ்ந்த கூலித் தொழிலாளிகள். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும், சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. கர்நாடகத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தும், பெயரைக் கேட்டதும் 'தமிழா?' என்ற கேள்வி தொடரும்.

2012 ஆகஸ்டில் அசாம் கலவரத்தை ஒட்டிக் கிளம்பிய வதந்தியில் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. குறுஞ்செய்திகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. அப்போதும் உணவகங்களும் செக்யூரிட்டி நிறுவனங்களும் அழகு நிலையங்களும் ஆள் இல்லாமல் தவித்தன. 2023 மார்ச்சில் நம் முறை. திருப்பூரில் பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின; பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்றது. செய்தி பொய். ஆனால் அந்தப் பொய் எடுபடும் அளவுக்கு 'வடக்கன்' என்ற சொல் நம் டீக்கடைகளில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது என்பது பொய்யல்ல.

பெங்களூரில் இப்போது ஒரு புது ஏற்பாடு முளைத்திருக்கிறது. 2025-இல் கர்நாடகம் தளவழித் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உணவும் சாமானும் கொண்டுவந்து தருபவர், வாடகைக் கார் ஓட்டுபவர் ஆகியோரின் பட்டியலை 45 நாளில் நிறுவனமே வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வாரியம் ஒவ்வொருவருக்கும் தனி எண் தரும். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலநிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, தொழிலாளி 90 நாள் சான்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது. வேலை கொடுத்தவர் பெயரைப் பதிய வேண்டும். எந்த மாநிலத்தவர் என்பது அங்கே கேள்வி இல்லை. இதையே கட்டுமான நிறுவனத்திடம் கேட்க இயலாதா? தீர்வையை அடுக்ககத்துக்கு அடுக்ககம் வசூலிக்கத் தெரிந்த துறைக்கு, அந்த அடுக்ககத்தில் நின்று வேலை செய்தவர்களின் பட்டியலையும் சேர்த்து வாங்குவது பெரிய காரியமல்ல. சர்தாருக்குக் கீழே எத்தனை அடுக்கு இருந்தாலும் வளாகத்தின் கேட் ஒன்றுதான். உள்ளே போகும் ஒவ்வொருவரின் பெயரையும் செக்யூரிட்டி ஏற்கெனவே நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

அகதிகளுக்கு இந்தப் புதுச் சட்டத்திலும் வழி திறக்கவில்லை. செயலியில் ஆள் சேர்க்கும்போது நிறுவனம் கேட்கும் முதல் ஆவணம் ஆதார், இரண்டாவது பான். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டையைக் காட்டினால் அந்தத் திரையில் அதற்குக் கட்டமே இல்லை. அதற்கு டெல்லியில்தான் ஒரு முடிவு வர வேண்டும்: 2011-ஆம் ஆண்டு நடைமுறையை மதம் பார்க்காமல் நாடு பார்க்காமல் செயல்படுத்துவதா, இல்லை 72 பேர் பல்வேறு துறைகளில் வேலை செய்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டு அந்தத் துறைகள் எவை என்று கேட்காமலே இருப்பதா என்று.